அந்தத் தவறு ரத்னம்மாவுடையதல்ல

போன செவ்வாய்க்கிழமை, காலை ஷிப்டு பஸ்கள் திரும்பும் நேரத்தில் ரத்னம்மாவின் தம்பி போன் செய்தார். "அக்கா போயிட்டாங்க" என்றார். பாகலூர் ரோட்டிலேயே பைக்கைத் திருப்பி அவர் வீட்டுக்கு விட்டேன்.

எங்கள் ஓசூர் கேபிள் சேனலில் செய்தி படித்த முதல் பெண் அவர். நான் கேமராக்காரன், சமயத்தில் செய்தியும் எழுதிக் கொடுப்பேன். பெண் படித்தால் யார் நம்புவார்கள் என்று முதலாளி இழுத்தடித்தார். ரத்னம்மா சளைக்கவில்லை. என்னைக் கம்பெனி வாசல்களுக்குக் கூட்டிப்போய், ஷிப்டு முடிந்து வரும் பெண்களைப் பேசவைத்து, தானே ஒரு நிகழ்ச்சி தயாரித்தார். தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றிலும் கேள்வி கேட்பார். கேமரா ஆடினால் மூன்றிலும் என்னைத் திட்டுவார்.

ஒருமுறை கம்பெனி விபத்தில் ஒருவர் இறந்துபோனார். பாகலூர் முனிராஜ் என்று எனக்குப் போனில் தகவல் வந்தது. பாகலூரில் தெருவுக்கு நாலு முனிராஜ். எனக்குத் தெரிந்த முனிராஜ் கோயில் தெரு என்பதால், கேட்காமலே அந்தத் தெருவையும் சேர்த்து எழுதிக் கொடுத்தேன். ரத்னம்மா படித்தார். இறந்தவர் வேறு முனிராஜ். கோயில் தெரு முனிராஜ் வேலை முடிந்து வீடு வந்தபோது, அவர் மனைவி சரளா தரையில் புரண்டு அழுதுகொண்டிருந்தார்.

அன்று மாலையே ரத்னம்மா அந்த வீட்டுக்குப் போனார். நானும் பின்னால் போனேன். சரளா வாய்க்கு வந்தபடி ஏசினார். ரத்னம்மா குனிந்த தலை நிமிராமல் கேட்டுக்கொண்டார். எழுதிக் கொடுத்தவன் யார், அவனை வேலையைவிட்டு அனுப்புகிறேன் என்று முதலாளி குதித்தபோதும், "படிச்ச வாய் என்னுது. விசாரிக்காமப் படிச்சது என் தப்பு" என்றார். மூன்று மாதம் அவரைத் திரைக்கு வரவிடவில்லை. எனக்கு அப்போதுதான் கல்யாணமாகியிருந்தது. வேலை போய்விடுமே என்று வாயை மூடிக்கொண்டேன். கோழைத்தனம்தான், வேறென்ன சொல்ல? அவர் அதைப்பற்றி என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை.

அடக்கத்துக்குச் சரளாவும் வந்திருந்தார். ஒரே ஒரு தப்பு பண்ணினாலும் வீடு தேடி வந்த மனுஷி என்று பக்கத்திலிருந்தவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கு அதற்குமேல் தாங்கவில்லை.

"அந்தப் பேரை எழுதிக் கொடுத்தது நான்தாங்க" என்றேன்.

சரளா என்னைத் திரும்பிப் பார்த்தார். பிறகு ரத்னம்மாவின் காலடியில் போய் உட்கார்ந்தார். "ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா தாயி? ஆளு தெரியாம உன்னைப் பேசிட்டேனே" என்று அழுதார்.

ரத்னம்மாவைத் தெரிந்தவர்களுக்கு இதைச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன். அவர் எனக்கென்று விட்டுப்போனது, அன்று போகாமல் காப்பாற்றிக் கொடுத்த இந்த வேலைதான். இன்றும் அந்தச் சோற்றைத்தான் தின்றுகொண்டிருக்கிறேன்.