அழகர்சாமியின் புரட்டாசி

மாலை ஆறு மணிக்கு அழகர்சாமி கை கழுவுவார். நகக்கண்ணில் ஒட்டிய லேத் எண்ணெயைப் பழைய பிரஷ்ஷால் தேய்த்து எடுப்பார். ஸ்டீல் ஸ்கேலை மேசையில் வைத்து, மாத்திரையின் நடுக்கோட்டை அதன் விளிம்போடு சேர்த்து, புது பிளேடால் ஒரே அழுத்து. எந்தப் பாதி பெரிது என்று அவராலேயே சொல்ல முடியாது. முழு மாத்திரை ஒன்றும் பாதி ஒன்றும் விழுங்கிவிட்டு, காலண்டரில் அன்றைய தேதியைச் சுழிப்பார். மிச்சப் பாதி டப்பாவில், நாளைக்கு.

மாசியில் அவர் இதயத்தில் உலோக வால்வு வைத்தார்கள். அதில் ரத்தம் உறையாமல் காப்பது இந்த மாத்திரைதான். வேலை குறைந்தால் வால்வு அடைக்கும். கூடினால் ரத்தம் நிற்காது. அதனால் மாதம் ஒருமுறை காட்டூரிலிருந்து பஸ் ஏறி, ஸ்ரீரங்கத்து கிளினிக் ஒன்றில் டெஸ்டுக்கு ரத்தம் கொடுப்பார். மாத்திரை எவ்வளவு வேலை செய்கிறது என்று காட்டும் எண் இரண்டரைக்கும் மூன்றரைக்கும் நடுவே இருக்க வேண்டும். இதுவரை இருந்தது.

புரட்டாசி மூன்றாம் சனிக்கிழமை, பெருமாளைக் கும்பிட்டுவிட்டு அப்படியே போனார். எண் ஒன்றரை.

டாக்டர் தலையைத் தூக்கவில்லை. "மாத்திரையை விட்டிருக்கீங்க."

"இல்லீங்க சார்."

"எல்லாரும் இதைத்தான் சொல்றீங்க. ரிப்போர்ட் பொய் சொல்லுமா?"

அழகர்சாமிக்கு உச்சந்தலை வரை சூடேறியது. "சார், மயிரிழை பிசகினா பீஸைத் தூக்கிக் குப்பையில போடுறவன் நான். ஒரு நாள் விட்டிருந்தா என் கையை வெட்டுங்க!"

"சத்தம் போடாதீங்கண்ணே, வெளியில பேஷன்ட்டுங்க இருக்காங்க" என்றாள் நர்ஸ்.

"நான் மட்டும் என்ன, வேடிக்கை பார்க்கவா வந்தேன்?"

எண் ஏறும்வரை ரத்தம் உறையாமலிருக்க வயிற்றில் போடும் ஊசி எழுதி, மாத்திரையை இரண்டாகக் கூட்டி, டாக்டர் அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

வீட்டில் மனைவி ஜோதியும் மெல்ல ஆரம்பித்தாள். "போன வாரம் ஓவர்டைம் பார்த்தீங்களே, அப்ப மறந்திருப்பீங்களோ?"

காலண்டரைக் கழற்றி அவள் முன்னால் வீசினார். "சுழிக்காத தேதி ஒண்ணு காட்டுடி பார்ப்போம்!"

"சுழிச்சா ஆச்சா? முழுங்கணும்ல?"

அன்று அவர் சாப்பிடவில்லை. கோபத்துக்கு அடியில் பயம் கிடந்தது. விழுங்கிய மாத்திரை வேலை செய்யவில்லை என்றால், நெஞ்சுக்குள் டிக் டிக்கென்று அடிக்கும் அந்த உலோகம் எந்த நேரம் நிற்கும்?

ஐந்தாம் நாள் மறுபடி ரத்தம் எடுத்தவள் லேப் பெண் பிரான்சி. அவரது உறுமலை முழுக்கக் கேட்டுவிட்டு, "விரதமாண்ணே?" என்றாள்.

"ஆமா. ஆபரேஷனுக்கு முன்னாடி வேண்டிக்கிட்டது. மாசம் பூரா கவுச்சி கிடையாது."

"தொட்டுக்க என்ன?"

"தினம் கீரைதான். கொல்லையிலேயே முருங்கை நிக்குது. உடம்புக்கு நல்லதுன்னு ஜோதி பார்த்துப் பார்த்து செய்யறா."

"முன்னெல்லாம்?"

"வாரத்துல ஒரு நாள்."

பிரான்சி நிமிர்ந்தாள். "அதாண்ணே விஷயம். கீரை இந்த மாத்திரையோட வேலையைக் குறைச்சிடும். சாப்பிடவே கூடாதுன்னு இல்ல, எப்பவும் ஒரே அளவா இருக்கணும். ஐப்பசி பொறந்ததும் கீரையை விட்டுட்டுக் கறிக்குத் தாவிடாதீங்க. கூட்டின மாத்திரைக்குப் பல்லு தேய்ச்சாலே ரத்தம் கொட்டும். எதை மாத்துனாலும் டாக்டர்கிட்ட சொல்லி, டெஸ்ட் பார்த்துட்டு மாத்துங்க."

டோக்கன் வாங்காமலே அழகர்சாமி டாக்டர் அறைக்குள் நுழைந்தார். "என்ன சாப்பிடறேன்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே சார்?"

"டிஸ்சார்ஜ் புக்ல பதினாலாம் பக்கத்துல இருக்கே."

"இங்கிலீஷ்ல இருக்கு!"

"படிச்சவங்களைக் கேட்டிருக்கணும்."

"என்னைப் பொய்யன்னு சொல்ல மட்டும் உங்களுக்குத் தமிழ் வந்துச்சு!"

டாக்டர் அடுத்த டெஸ்ட் தேதியை எழுதி நீட்டினார். மன்னிப்பு என்று ஒரு சொல் வரவில்லை. வீட்டில் ஜோதிதான் அழுதாள், "என் கையாலேயே கெடுத்தேனே" என்றாள். "நீ ஏண்டி அழுவுற? அழ வேண்டியவன் ஏசி ரூம்ல உட்கார்ந்திருக்கான்" என்றார்.

வாரம் ஒரு டெஸ்ட், கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும் கீரை, அதற்கேற்ப மாத்திரை. கார்த்திகையில் எண் மூன்றுக்கு வந்தது. அன்றைக்குத்தான் பிரான்சி குரலைத் தாழ்த்திச் சொன்னாள். அந்தப் புரட்டாசிச் சனிக்கிழமை எண் இறங்கி வந்தவர்கள் அவரோடு சேர்த்து ஏழு பேர், எல்லாருமே விரதக்காரர்கள். ஏழு பேர் சீட்டிலும் டாக்டர் எழுதியிருந்தது ஒரே வரி: மாத்திரை ஒழுங்காகப் போடுவதில்லை.