ஐந்தாம் நம்பர் சொன்ன பதில்

மரக்காணம் வட்டார உப்பளப் பெருமக்களுக்கும், பேயெல்லாம் சும்மா என்று டீக்கடையில் தீர்ப்புச் சொல்லும் விஞ்ஞானிகளுக்கும் இதனால் அறிவிப்பது யாதெனில்: இது நடந்தது. போன மே மாதம். பட்டப்பகலில். பேய்க்கு இருட்டு வேண்டும் என்று யார் சொன்னது?

உப்புத்தண்ணீர் இறைக்கும் நான்கு பம்புகளையும் ஒரே கொட்டகையிலிருந்து ஓட்டும் திட்டத்துக்கு மேனேஜர் பக்தவச்சலம் 'டிஜிட்டல் உப்பு' என்று பெயர் சூட்டி, ஃபிளெக்ஸும் அடித்துவிட்டார். மூன்று மணிக்குத் திறப்பு விழா. பம்புக்கு ஒரு ரேடியோ, கொட்டகையில் ஒன்று. அவற்றைப் பேச வைக்க வேண்டியவன் சவரிமுத்து, கம்பெனியில் ஆறு வருடத் தற்காலிக ஊழியன், இந்த உப்பளத்துக்குப் புதியவன். எல்லாம் ஓடினால் வேலை நிரந்தரம், ஓடாவிட்டால் வீட்டுக்குப் போகலாம் என்று மேனேஜர் சுருக்கமாகச் சொல்லியிருந்தார்.

பம்பு ரேடியோக்களுக்கு ஒன்று முதல் நான்கு வரை நம்பர். லேப்டாப் எந்த நம்பரைக் கூப்பிடுகிறதோ அது மட்டும் வாய் திறக்கும். எல்லாம் ஒரே வேகத்தில் பேச 9600 என்று வைத்துவிட்டு, ஒன்று முதல் பத்து வரை கூப்பிட்டுப் பார்த்தான் சவரிமுத்து.

மணி 12.07. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. பதில் வந்தது.

ஐந்து. அதுவும் பதில் சொன்னது.

எங்கேயோ நம்பரை மாற்றிப் போட்டுத் தொலைத்தோம் என்று நினைத்தான். வெயிலில் வரப்பு வரப்பாக நடந்து, நான்கு ரேடியோவையும் அணைத்துவிட்டுக் கொட்டகைக்குத் திரும்பினான்.

12.52. ஐந்து மட்டும் பதில் சொன்னது. மற்றவை ஆளுக்குப் பத்துப் பிழையாவது விட்டிருந்தன. இதில் பிழை பூஜ்யம்.

சிக்னல் மைனஸ் 96. மைனஸுக்குப் பின்னால் உள்ள எண் குறைந்தால், ரேடியோ நெருங்கி வருகிறது என்று அர்த்தம்.

12.58. மைனஸ் 81.

1.03. மைனஸ் 64.

எட்டிப் பார்த்தான். வெள்ளை வெளேரென்று உப்பு. ஆள் இல்லை. காக்கை இல்லை.

மைனஸ் 40.

நறுக்... நறுக்... உப்பு மிதிபடும் சத்தம்.

1.07. மைனஸ் 18.

கைக்கெட்டும் தூரம்...

சத்தம் வாசலில் நின்றது.

அணைத்த ரேடியோக்களைத் திரும்பப் போட அந்த வாசலைத் தாண்டித்தான் போக வேண்டும். நிரந்தர வேலை என்றால் சும்மாவா? கண்ணை மூடிக்கொண்டு தாண்டினான். உடம்பின் ஒரு பக்கம் மட்டும் சில்லிட்டது.

மூன்று மணிக்கு மேனேஜர் வந்தார். 'தொலைநோக்கு' என்ற சொல்லைப் பதினொரு முறை உச்சரித்தார். அவர் பேசப் பேச, மைனஸ் 12. பட்டனை அமுக்கினார். நான்கு பம்பும் ஓடின. கைதட்டல். காரேறினார்.

நாற்காலி மடிக்க வந்த உப்பள வேலைக்காரி லூர்துமேரியிடம் சவரிமுத்து மெல்லக் கேட்டான்.

"அஞ்சாவது பம்பா? அந்தக் குழிய மண்ணு போட்டு மூடி ரெண்டு வருசம் ஆவுதுப்பா. கரண்டே கெடையாது. நம்ம சாலமன் உள்ள எறங்கி சேறு வாரிக்கினு இருக்கசொல்ல சுவிச்ச போட்டுட்டாங்க."

"யாரு?"

"தோ, கார்ல போறாரே."

சவரிமுத்து திரையைப் பார்த்தான். கார் திண்டிவனம் ரோட்டில் தூரமாகத் தூரமாக... மைனஸ் 31. மைனஸ் 57. மைனஸ் 90.

அப்புறம் பதில் இல்லை.

வேலை நிரந்தரம் என்ற கடிதத்தில், அவர் காரேறும் முன்பே கையெழுத்து வாங்கியிருந்தான்.