ஏரியில் இறங்கிய ஏரோப்ளேன்

எங்கள் வீட்டில் யாராவது கொஞ்சம் கூட்டிச் சொன்னால் போதும், "ஏரோப்ளேனு ஏரியில எறங்கிடுச்சா?" என்று கேட்பார்கள். கேட்பவர் பெரும்பாலும் என் கணவர். அது அவருடைய அம்மாவின் கதை. இரண்டாம் உலகப்போர் நடந்த காலத்தில், அத்தை ஏழெட்டு வயதுப் பெண்ணாக இருந்தபோது, சென்னைக்குப் பக்கத்தில் ரெட்டில்ஸ் ஏரியில் ஒரு ஏரோப்ளேன் வந்து இறங்கி வாத்து போல மிதந்ததாம். அத்தையும் அவருடைய தம்பியும் கரையில் நின்று பார்த்தார்களாம். அதன் முதுகில் தவளைக் கண் மாதிரி இரண்டு கண்ணாடிகள் பிதுங்கிக்கொண்டு இருந்தனவாம். அதற்குள்ளிருந்து ஒரு வெள்ளைக்காரன் தம்பிக்குக் கையாட்டினானாம். இத்தனை 'ஆம்' போடாமல் எங்கள் வீட்டில் யாரும் அந்தக் கதையைச் சொன்னதே இல்லை.

புது நூற்றாண்டு பிறந்து நாலைந்து வருஷம் ஆகியிருக்கும். அத்தைக்கு மறதி ஆரம்பித்திருந்தது. சாம்பாரில் இரண்டு தடவை உப்புப் போடுவார். பகலில் தூங்கி எழுந்து, மதியம் எது, காலை எது என்று தெரியாமல் பல் தேய்க்கப் போவார். கும்மிடிப்பூண்டியில் எங்கள் வீட்டுப் பின்வாசலில் உட்கார்ந்தால் தொழிற்பேட்டைப் புகை தெரியும். அதைப் பார்த்துக்கொண்டே இருப்பார். ஒரு ஞாயிற்றுக்கிழமை, நான் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது கூப்பிட்டார்.

"இன்னாம்மா, நீ கம்ப்யூட்டர்லதான வேல செய்யற? அதுல சண்டக் கதையெல்லாம் கீதாமே. அந்த ப்ளேனு கீதான்னு பாத்து சொல்லேன். எனக்கே இப்ப டவுட்டா கீது. கனா கண்டுட்டு சொல்லிக்கினு கீறனோ இன்னாவோ."

"கனாவா இருந்தா இருந்துட்டுப் போவட்டும் அத்த. இப்ப அதுக்கு இன்னா?"

"என் தம்பி அந்த வருசமே மழைல ஜொரம் வந்து பூட்டான். ஒரு போட்டோ கெடையாது. அவனப் பாத்தவங்க ஒருத்தரும் இப்ப இல்ல. எனக்கும் அவன் நெனப்பு இந்த ஒன்னுதான் மிச்சம். ப்ளேனு பொய்யின்னா அவனும் பொய்யாப் பூடுவான்மா."

கையில் ஈரத்துணியோடு அப்படியே நின்றுவிட்டேன்.  இவ்வளவு நாள் இந்த வீட்டில் ஒருவர்கூட அந்தத் தம்பியின் பெயரைக் கேட்டதில்லை என்று நினைத்தபோது கோபம் வந்தது.

நான் ஒரு இரும்புக் கம்பி கம்பெனியில் பில் போடும் வேலையில் இருந்தேன். மேனேஜர் அறைக்கு வெளியே இருந்த கம்ப்யூட்டரில் இன்டர்நெட் உண்டு. சாப்பாட்டு நேரத்தில் பார்த்துக்கொள்ளச் சொன்னார். பக்கத்துக் கொட்டகையில் கம்பி இழுக்கும் இயந்திரம் ஒரே சுருதியில் ஓடும். மேலே மின்விசிறி. தயிர்சாதம் சாப்பிட்ட மயக்கம். அந்த அரைத்தூக்கத்தில்தான் நான் உலகப்போரைப் படித்தேன். படித்ததில் எது திரையில் இருந்தது, எது என் கண்ணுக்குள் ஓடியது என்று இப்போது பிரித்துச் சொல்ல முடியாது.

முதலில் வந்தவை பெரிய மியூசியங்களின் பக்கங்கள். பார்க்க அழகாக இருக்கும். பனி, டாங்கி, தொப்பி போட்ட தளபதிகள். அவர்களைக் கேட்டால் உலகப்போர் பாதி உலகத்தில்தான் நடந்தது. நம் பக்கத்துக்கு ஒரு பத்தி ஒதுக்கியிருந்தால் அதிகம். 'சென்னை' என்று தேடிக்கொண்டிருந்த நான் 'மெட்ராஸ்' என்று மாற்றினேன். அதற்கப்புறம்தான் கதவு கொஞ்சம் திறந்தது. பழைய ராணுவ வரைபடங்களை யாரோ பொறுமையாக ஸ்கேன் செய்து போட்டிருந்தார்கள். அதில் நம் ஏரி நீலமாக இருந்தது. வானத்தில் போகும் விமானம் யாருடையது என்று காவலாளிகள் கண்டுபிடிக்க உதவிய கறுப்பு நிழலுருவப் படங்கள் இன்னொரு பக்கத்தில் இருந்தன. அவற்றில் அடிப்பாகம் படகு போன்ற விமானங்களைப் பார்த்தேன். தண்ணீரில் இறங்கவே செய்தவை. சரி, அப்படி ஒன்று உலகத்தில் உண்டு. ஆனால் நம் ஏரிக்கு வந்ததா?

அதைச் சொன்னது எந்த மியூசியமும் இல்லை. கருநீலப் பின்னணியில் மஞ்சள் எழுத்தும், ஓரத்தில் கண்சிமிட்டும் மெழுகுவத்தியுமாக, பார்த்தாலே கண் வலிக்கும் ஒரு பக்கம். யாரோ ஒரு மகன், விமானப்படையில் இருந்த தன் அப்பாவைப் பற்றி எழுதியது. அப்பாவின் கொசுக்கடி, வேர்வை, வங்காள விரிகுடா மேல் பறந்து நீர்மூழ்கிகளைத் தேடிய அலுப்பு எல்லாம் இருந்தன. திரும்பி வந்து அவர்கள் இறங்கியது ரெட்டில்ஸ் ஏரியில். நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். பிறகு வேறொரு பக்கத்தில் அந்த அப்பா இருந்த படைப்பிரிவின் அன்றாடக் குறிப்புகளிலும் அதே ஏரி இருப்பதைப் பார்த்த பிறகுதான் நம்பினேன். போர் சரித்திரம் படிக்க யாராவது வழி கேட்டால் இன்றும் இதைத்தான் சொல்வேன். மியூசியத்தில் ஆரம்பியுங்கள், அங்கேயே உட்கார்ந்துவிடாதீர்கள். பிள்ளைகள் அப்பாவைப் பற்றி எழுதியதைத் தேடுங்கள். ஒரு இடத்தில் படித்ததை இன்னொரு இடத்தில் சரிபாருங்கள்.

அந்த மகனுக்கு என் உடைந்த இங்கிலீஷில் அத்தையின் கதையை எழுதினேன். பதில் வருமென்று நினைக்கவில்லை. வந்தது, அந்த ஏரியில் எடுத்த ஒரு படத்தோடு. அந்தக் காலத்து இன்டர்நெட்டில் படம் மேலிருந்து கீழாக, ஒவ்வொரு கோடாகத்தான் விரியும். முதலில் வெறும் வானம். பிறகு தூரத்தில் பனைமரங்கள். பிறகு நீளமான ஒரு இறக்கை. அதன் கீழே, முதுகில், பிதுங்கிய கண்ணாடிகள். பிறகு தண்ணீர், வெறும் தண்ணீர். கடைசியாகப் புல் முளைத்த கொஞ்சம் கரை. பார்த்துக்கொண்டே அழுதிருக்கிறேன். மேனேஜர் வந்து, "வீட்ல ஏதாவது பேஜாராம்மா?" என்று கேட்டபோதுதான் தெரிந்தது.

பிரின்ட் எடுத்துக்கொண்டு வந்து கொடுத்தேன். அத்தை ஆச்சரியப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் விமானத்தை ஒரு பார்வை பார்த்து, "ம், இதுதான்" என்றார். அவ்வளவுதான். பிறகு விரலால் கரையைத் தடவிக்கொண்டே இருந்தார். என் கணவர் படத்தை வாங்கி, திருப்பி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.  

எங்கள் வீட்டில் பொங்கலுக்கு முன்னால், செத்துப்போனவர்களின் படங்களை வரிசையாக வைத்து, புதுத்துணி வைத்துப் படைப்பது வழக்கம். அந்த வருஷம் அத்தை என்னிடம், "அஞ்சு வயசுப் புள்ளைக்கு ஒரு சொக்காவும் நிஜாரும் வாங்கியா" என்றார். வாங்கி வந்தேன். மாமனார் படத்துக்கும் அவருடைய அப்பா படத்துக்கும் நடுவில், சட்டம் போட்ட அந்தப் போர் விமானத்தைக் கொண்டுவந்து வைத்தார். கதம்பம் சாத்தினார். சின்னச் சட்டையை மடித்து முன்னால் வைத்தார். அன்று வந்த பக்கத்து வீட்டம்மா என்னைத் தனியாக இழுத்து, "உங்க வூட்ல யாராச்சும் ப்ளேன் விழுந்து செத்துட்டாங்களா?" என்று கேட்டார்.

அத்தை சந்தனத்தைக் குழைத்தார். விமானத்தின் நெற்றியில் வைக்கப்போகிறார் என்று நினைத்தேன். வைக்கவில்லை. படத்தின் கீழ் ஓரத்தில், யாருமே இல்லாத அந்தப் புல்தரையில் ஒரு பொட்டு வைத்து, அதன்மேல் குங்குமம் வைத்தார்.

"இங்கதான் நின்னுக்கினு இருந்தான்."

என் கணவர் சூடத்தை ஏற்றப் போனவர், ஏற்றாமல் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தார். 

"மாமா எம்மாம் ஒயரம் இருப்பாரும்மா?" என்று கேட்டார்.

அத்தை எழுந்து நின்று, தன் இடுப்புக்கும் கீழே கையை வைத்துக் காட்டினார்.