போகிற கொடிக்கும் கவ்வாத்து

வைன் தோட்டத்தில் வேலை என்றால் நாங்கள் வைனுக்குள் நீந்துவதாகத்தான் எல்லாரும் நினைக்கிறார்கள். உண்மையில் வருஷத்தில் முக்கால்வாசி நாள் வெட்டுவது, கட்டுவது, கழுவுவது, மிச்ச நேரம் மழையைத் திட்டுவது.

இது தெரியாமல்தான் எண்பத்திநாலாம் ஆண்டு நான் அந்த வேலைக்குப் போனேன். யாழ்ப்பாணத்தில் ஒரு பெண்கள் பாடசாலையில் தாவரவியல் படிப்பித்தவள். ஆக்லாந்தில் என்னுடைய சான்றிதழை எல்லா இடத்திலும் மரியாதையாக வாங்கிப் பார்த்தார்கள், அதே மரியாதையோடு திருப்பித் தந்தார்கள். நானும் என் கணவரும் கிளென் ஈடன் என்கிற புறநகரில் வாடகைக்கு இருந்தோம். அங்கிருந்து மேற்கே மலைப்பக்கம் போனால் ஆப்பிள் தோட்டங்களும் சின்னச் சின்ன வைன் தோட்டங்களும். அவற்றில் பெரும்பாலானவை டல்மேஷியாக்காரர்களுடையவை. தங்கள் அப்பாமார் காலத்தில் ஐரோப்பியக் கடற்கரை ஒன்றிலிருந்து கப்பலேறி வந்த குடும்பங்கள். அப்படி ஒரு தோட்டத்தில் மாத்தே முதலாளி. அவர் மனைவி ஸோரா முதலாளிக்கு முதலாளி. ட்ராக்டர் ஓட்டவும் பீப்பா உருட்டவும் கோவிந்தசாமி என்கிற பிஜிக்காரர். மிச்சம் எல்லாவற்றுக்கும் நான்.

ஸோராவும் மாத்தேயும் மற்றவர்களும் தங்கள் இங்கிலிஷில் சொன்னதை எங்கள் தமிழில் தருகிறேன். கடைக் கவுண்டருக்குப் பின்னால் நின்றோ, குனிந்த முதுகோடோ சம்பளம் வாங்கியவர்களுக்கு இதில் ஒன்றும் புதினமாக இராது.

பட்டுப்போன தோட்டம்

திராட்சையை நாங்கள் முந்திரிகை என்போம். யாழ்ப்பாணத்தில் பந்தல் போட்டு வளர்ப்பார்கள். வருஷம் முழுக்கப் பச்சையாக நிற்கும். வெட்டிவிட்டால் கொஞ்ச நாளில் துளிர்க்கும். ஆகவே கொடி விஷயத்தில் எனக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை என்கிற எண்ணத்தோடுதான் வேலைக்குச் சேர்ந்தேன். முதலில் தந்த வேலை களை பிடுங்குவது. பிடுங்கினேன். மே மாதம் இலைகள் மஞ்சளாகின. ஜூனில் எல்லாம் கொட்டி, கொடிகள் காய்ந்த கயிறு மாதிரித் தொங்கின. நான் கொத்திய வரிசைகளில்தான் முதலில் கொட்டியது போலவும் எனக்குப் பட்டது. மண்வெட்டி வேரில் பட்டுவிட்டது, முடிந்தது கதை, வந்த வேலையும் போகப் போகிறது என்று முடிவு கட்டினேன்.

யாரிடமும் சொல்லவில்லை. வாளியில் தண்ணீர் அள்ளி ஒவ்வொரு அடியிலும் ஊற்றத் தொடங்கினேன். அன்றைக்கு மழை கொட்டிக்கொண்டிருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ரெயின்கோட் போட்ட ஒருத்தி மழைக்குள் நின்று தண்ணீர் ஊற்றுவதை ஸோரா குசினியில் சமைத்துக்கொண்டே ஜன்னலால் கொஞ்ச நேரம் பார்த்திருக்கிறா. பிறகு கம்பூட்ஸை மாட்டிக்கொண்டு இறங்கி வந்தா. "எல்லாம் பட்டுப் போச்சு" என்று நான் அழுகிற குரலில் சொன்னேன். இங்கே ஜூன்தான் குளிர்காலம். குளிர்காலத்தில் இலையுதிர்க்கும் தாவரங்கள் என்று வருஷா வருஷம் கரும்பலகையில் எழுதிப் போட்டவள் நான். கரும்பலகையில் அது இவ்வளவு சாவு மாதிரித் தெரியவில்லை. ஸோரா ஒரு கிளையை நகத்தால் சுரண்டி உள்ளே இருந்த பச்சையைக் காட்டிவிட்டு வாளியை என் கையிலிருந்து வாங்கினா.

"சாகேல்லை, நித்திரை. எழும்புறதுக்கு இன்னும் நாள் கிடக்கு. நீரும் உள்ளுக்கு வந்து தேத்தண்ணி குடியும்."

விளாம்பழ வாசம்

சனிக்கிழமைகளில் கடையில் நிற்பதும் என் வேலை. ஃபிளாகன் என்கிற பெரிய கண்ணாடிச் சாடிகளைத் தூக்கிக்கொண்டு ஆட்கள் ஷெரி என்கிற தித்திப்பு வைன் வாங்க வருவார்கள். நான் குடிக்கமாட்டேன். குடிக்காதவள் விற்கக்கூடாது என்று சட்டம் இல்லை, ஆனால் "இது எப்படி இருக்கும்?" என்று கேட்டால் ஏதாவது சொல்லத்தானே வேண்டும்? மூக்குக்கு விரதம் கிடையாது. ஒவ்வொரு பீப்பாயாக மணந்து பார்த்து, எனக்குத் தோன்றியதைச் சொல்லத் தொடங்கினேன். வெள்ளை வைனில் ஒன்று ஜம்புப் பழம் மாதிரி இருந்தது. இன்னொன்றில் மழை பெய்த வைக்கோல். ஷெரி அப்பட்டமாக விளாம்பழம், ஓடு உடைத்த கையோடு வருகிற அதே வாசம்.

ஒரு நாள் தச்சு வேலை செய்கிற ஒருவர், கை கால் எல்லாம் மரத்தூள், விளாம்பழம் என்றால் என்ன என்று கேட்டார். யானைக்கு விருப்பமான பழம், வெளியே கல்லு மாதிரி ஓடு, உள்ளே சீனி போட்டுக் குழைத்துத் தின்போம் என்று விளக்கினேன். அவர் தலையை ஆட்டிக் கேட்டுவிட்டு ஒரு சாடி வாங்கிக்கொண்டு போனார். பைத்தியக்காரி என்று நினைத்திருப்பார் என்று எனக்கு வெட்கமாக இருந்தது. அடுத்த சனிக்கிழமை வெற்றுச் சாடியோடு வந்து நின்றார். முகத்தில் சிரிப்பே இல்லை, கோயிலுக்கு வந்தவர் மாதிரி.

"நீர் சொன்ன பழத்தை நான் வாழ்க்கையில கண்டதில்லை. ஆனா இது அதேதான்."

தானாகப் புளித்தால்

பழத்தைக் குலையோடு பறித்து ஆய்கிற மார்ச் மாதத்தில் மட்டும் எந்த வைன் தோட்டத்திலும் ஆள் போதாது. மழை வந்தால் பழம் வெடித்துப் பூஞ்சணம் பிடித்துவிடும். "உங்கட ஆக்கள் ஆரும் வருவினமோ?" என்று மாத்தே கேட்டார். தெரிந்த நாலைந்து குடும்பங்களுக்குச் சொன்னேன். பழத்தோட்டத்தில் வேலை என்று சொன்னேனே தவிர, பழத்தை அதற்குப் பிறகு என்ன செய்வார்கள் என்று யாரும் கேட்கவுமில்லை, நான் சொல்லவுமில்லை.

காலையிலேயே புட்டும் கத்தரிக்காய்க் குழம்பும் கட்டிக்கொண்டு வந்து இறங்கினார்கள். யோகம் அக்கா என்று ஒருவர் வந்திருந்தா. வெள்ளிக்கிழமை விரதம், வெங்காயம்கூடப் படாது. அவ கை ஓடிய வேகத்தில் மாத்தேயே வாயைப் பிளந்தார். மத்தியானத்துக்குப் பிறகு அவ ஒரு வாளியைத் தானே தூக்கிக்கொண்டு கொட்டகைக்குள் போனா. உள்ளே நேற்றைய சாறு நுரைத்துப் பொங்கிக்கொண்டிருந்தது. அந்த வாசத்தை எந்தத் தமிழ் மூக்கும் தவறாகப் புரிந்துகொள்ளாது. "பிள்ளை, இது கள்ளுத் தவறணையோ?" என்று அங்கிருந்தே கேட்டா. எல்லாரும் கையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள்.

யோகம் அக்கா வெளியே வந்து வானத்தைப் பார்த்தா. மேற்கில் கறுத்துக்கொண்டு வந்தது. இன்னும் ஆயாத வரிசைகளைப் பார்த்தா. பழுத்த பழம் குலை குலையாகத் தொங்கியது. பழுத்ததை மழைக்கு விட்டுப் போகிற மனம் அவவுக்கு இல்லை என்பது முகத்தில் தெரிந்தது. சேலைத் தலைப்பை இடுப்பில் இறுக்கிச் செருகினா.

"பழம் ஆயுறதில ஒரு பாவமும் இல்லை. அதுக்குப் பிறகு அது தானாப் புளிச்சால் நாங்கள் என்ன செய்யிறது?"

அரசாங்கத்தின் யோசனை

எண்பத்தாறில் அந்தச் செய்தி வந்தது. நாட்டில் வைன் தேவைக்கு மேல் மிஞ்சிப் போயிற்று, கொடியைப் பிடுங்குகிறவர்களுக்கு அரசாங்கம் காசு கொடுக்கும். எங்கள் தோட்டத்தில் இரண்டு பகுதி. முன்பக்கம் மாத்தே வைத்த புதுச் சிவப்புத் திராட்சை. பின்பக்கம் அவருடைய அப்பா வைத்த பழைய ஷெரிக் கொடிகள், ஒவ்வொன்றும் என் தொடையளவு தடிப்பு. ஷெரி வாங்குகிறவர்கள் குறைந்துகொண்டு போனார்கள். அந்தத் தச்சரை நம்பி ஒரு தோட்டம் நடத்த முடியுமா?

மாத்தே மறைக்கவில்லை. பின்பக்கம் போனால் தன்னால் ஒருவருக்குத்தான் சம்பளம் கொடுக்க முடியும், ட்ராக்டர் ஓட்டத் தெரிந்தவர் கோவிந்தசாமி என்று என் முகத்தைப் பாராமல் சொன்னார். நியாயம்தான். வேறு வேலை தேடலாம், ஏதாவது ஒரு தொழிற்சாலை எடுக்கும். ஆனால் இந்த நாட்டில் என் படிப்பு கால் வைத்து நின்ற ஒரே இடம் அந்த மண்தான். கணுவையும் மொட்டையும் நான் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்க அங்கே இரண்டு பேராவது இருந்தார்கள். இரவு சாப்பிடும்போது என் கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் நகர மையத்தில் ஒரு வங்கியில் கடிதங்களைப் பிரித்து அடுக்குகிற வேலையில் இருந்தார். அதிகம் கதைக்காத மனிதர். சோற்றைப் பிசைந்துகொண்டே யோசித்துவிட்டுச் சொன்னார்.

"கேட்டுப் பிடுங்குற அரசாங்கம் எண்டு ஒண்டு உலகத்தில இருக்குதெண்டு இண்டைக்குத்தான் தெரியும்."

போகிறதுக்கு ஒரு அலங்காரம்

குளிர்காலம் கவ்வாத்துக் காலம். போன வருஷத்துக் கிளைகளை வெட்டி, இரண்டொன்றை மட்டும் விட்டு, கம்பியில் வளைத்துக் கட்ட வேண்டும். ஜூலை மாதம் மாத்தே முடிவைச் சொன்னார்: பின்பக்கம் பிடுங்குவது. சொல்லிவிட்டுக் கொட்டகைக்குள் போய்ப் பீப்பாய் கழுவினார், ஏற்கெனவே கழுவிய பீப்பாய்களை.

மறுநாள் காலையில் நான் வந்தபோது ஸோரா கத்தரிக்கோலோடு பின்பக்கத்து முதல் வரிசையில் நின்றா. கவனமாக வெட்டிக்கொண்டிருந்தா. எந்தக் கிளையை விடுவது என்று பின்னே நின்று பார்த்து, தலையைச் சாய்த்து, பிறகு வெட்டு. அடுத்த வருஷம் காய்க்கப் போகிற கொடிக்குச் செய்கிற அதே பக்குவம். அவவுக்கு மாத்தே சொல்லவில்லையோ என்று எனக்குச் சந்தேகம். "இது பிடுங்கப் போறது, தெரியுமோ?" என்று மெல்லக் கேட்டேன். தெரியும் என்று கண்ணால் காட்டினா. பிறகு ஏன் என்று நான் கேட்டது பிழை. கேட்டுவிட்டேன். அவ கையை நிறுத்தவில்லை.

"ஒரு ஆள் செத்தால் உங்கட ஊரில தலை சீவி இழுக்காமலோ கொண்டுபோறனீங்கள்?"

சங்கிலி

நானும் ஒரு கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டேன். வேறென்ன செய்வது? ஆகஸ்ட் முழுக்க நாங்கள் இரண்டு பேரும் பின்பக்கத்தில் வரிசை வரிசையாக வெட்டினோம். எனக்கு அந்த வேலை பிடித்திருந்தது என்று சொன்னால் நம்பமாட்டீர்கள். நாங்கள் யாழ்ப்பாணத்து வீட்டை விட்டு வந்தபோது பாத்திரங்களைக்கூடக் கழுவி வைக்க நேரம் கிடைக்கவில்லை. இங்கே ஒன்றை ஒழுங்காக முடித்து அனுப்ப நேரம் இருந்தது. இந்த வேலையும் இதோடு சரி என்று எனக்குத் தெரியும், ஆகவே ஒரு கணுவையும் அவசரப்பட்டு வெட்டவில்லை. கடைசியில் பார்க்க அந்தப் பக்கம் அவ்வளவு வடிவாக இருந்தது. பிறகு கோவிந்தசாமி கம்பிகளைச் சுருட்டி எடுத்து, அவற்றைத் தாங்கிய கட்டைகளைப் பிடுங்கினார்.

பிடுங்குகிற நாளில் அடிமரத்தில் சங்கிலியைச் சுற்றி மாட்டுவது என் வேலை. கோவிந்தசாமி ட்ராக்டரை முன்னே எடுப்பார். மண் ஈரமாக இருந்தபடியால் கொடிகள் பெரிய எதிர்ப்புக் காட்டவில்லை. வேர் அறுகிற சத்தம் மட்டும் எனக்குத் தாங்கவில்லை; ஒவ்வொரு முறையும் மறுபக்கம் திரும்பிக்கொண்டேன். ஸோரா கையைக் கட்டிக்கொண்டு கடைசிக் கொடி வரைக்கும் பார்த்துக்கொண்டு நின்றா. அழவில்லை. மாத்தே கடைசியில்தான் வந்தார். தொண்டையைச் செருமிக்கொண்டு என் பக்கம் நடந்து வந்தார். என்ன சொல்லப் போகிறார் என்று தெரியும். கையுறையைக் கழற்றி மடித்து வைத்துக்கொண்டு நின்றேன்.

அந்த நேரம் கோவிந்தசாமி ட்ராக்டரிலிருந்து இறங்கினார். அவர் பாட்டனார் சேலத்துப் பக்கமிருந்து பிஜிக்குக் கரும்பு வெட்டப் போனவர். இவருடைய தமிழ் எப்போதாவதுதான் வெளியே வரும். முன்பக்கத்தைப் பார்த்து ஒரு விரலை நீட்டினார். நாங்கள் எல்லாரும் திரும்பினோம். வைத்திருக்கப் போகிற அந்த முன்பக்கத்தில் ஒரு கிளைகூட வெட்டுப்படவில்லை. போன வருஷத்துக் கொடிகள் ஒன்றையொன்று பின்னிக்கொண்டு, கம்பிக்கு மேலேயும் கீழேயும் காடாக நின்றன. மொட்டுகள் வேறு வீங்கத் தொடங்கியிருந்தன. நானும் ஸோராவும் பின்பக்கத்தில் நின்றோம், கோவிந்தசாமி கட்டை பிடுங்கினார், மாத்தே கொட்டகையை விட்டு வெளியே வரவே இல்லை. மற்றவர் செய்திருப்பார் என்று ஒவ்வொருவரும் நினைத்திருக்கிறோம்.

"டீச்சரம்மா," என்றார் கோவிந்தசாமி, "போறதுக்கெல்லாம் நல்லா தலை சீவி விட்டீங்க. இருக்கிறது பரட்டைத் தலையோட நிக்குது பாருங்க."

அதை நான் இங்கிலிஷில் மாற்றிச் சொல்லவேண்டியிருக்கவில்லை. மாத்தே அந்தக் காட்டைப் பார்த்தார், மொட்டுகளைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார். ஸோரா கத்தரிக்கோலைக் காற்சட்டையில் துடைத்துக்கொண்டு முன்பக்கத்தை நோக்கி நடக்கத் தொடங்கியிருந்தா. மாத்தே எனக்குச் சொல்ல வந்ததை விழுங்கிவிட்டு வேறொன்றைச் சொன்னார்.

"திங்கட்கிழமை விடிய வெள்ளன வாரும்."

வெட்டியதைக் கட்ட வேண்டும், கட்டியதைப் பார்க்க வேண்டும், பார்த்ததை ஆய வேண்டும் என்று அந்தத் திங்கட்கிழமை இரண்டு வருஷம் நீண்டது: போகிறதுகளை ஒழுங்காக வழியனுப்பப் போய், இருக்கிறதுகளைப் பார்க்க மறந்த புண்ணியத்தில் நான் சாப்பிட்ட சோறு அது.