காற்று குறையவில்லை

பாய்மரப் படகில் எனக்கு வேலை ஒன்றுதான். பாயின் கயிற்றைப் பிடித்திருக்க வேண்டும். காற்று கூடினால் கொஞ்சம் விட வேண்டும், குறைந்தால் இழுக்க வேண்டும். சுக்கான் என் மனைவியிடம். கல்லூரிக் காலத்திலிருந்தே போட்டிகளில் ஓட்டியவள். கல்யாணத்துக்குப் பிறகு, கூட வர ஆள் கிடைக்கவில்லையென்று என்னை ஏற்றிக்கொண்டாள்.

முதல் மாதமே கோவளத்துக் கடலில் கவிழ்ந்தோம். மேலே வந்தபோது தலைக்கு மேல் வானம் இல்லை, பாய்தான் இருந்தது. ஈரத்துணி முகத்தில் அப்பிக்கொள்ள, மூச்சுக்கு வாயைத் திறந்தால் உப்புத் தண்ணீர். அவள்தான் லைஃப் ஜாக்கெட்டைப் பிடித்து என்னை வெளியே இழுத்தாள். அதிலிருந்து படகு லேசாகச் சாய்ந்தாலே அந்த ஈரத்துணிதான் ஞாபகத்துக்கு வரும்.

அடுத்த போட்டி நெருங்கியபோது பாய்மரத்தின் அடியில் சின்னக் கருவி ஒன்றைப் பொருத்தினாள். படகின் வேகம், திசை, சாய்வு எல்லாம் அதில் பதிவாகும். பயிற்சியின்போது கூடவே வரும் பயிற்சியாளரின் மோட்டார் படகில் காற்றுமானி இருந்தது. பொழிச்சலூரில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் லேப்டாப்பை வைத்து, இரண்டு பதிவுகளின் கோடுகளையும் சேர்த்துப் பார்த்தாள். மேலே விமானம் ஒன்று இறங்கியது. சத்தம் அடங்கியதும் கேட்டாள்:

“இங்க வேகம் ஏன் விழுது?”

“காத்து கொறைஞ்சிருக்கும்.” அப்படித்தான் நான் நம்பியிருந்தேன்.

“காத்து ஏறுது, பாரு. நானும் திருப்பல, திசை நேராதான் இருக்கு. ஆனா படகு சடார்னு நிமிருது. அப்படின்னா நீ கயித்த மொத்தமா விட்டிருக்க.”

அவள் திட்டவில்லை. அதே மாதிரி இடங்களை வரிசையாகக் காட்டினாள். படகு ஓரளவுக்கு மேல் சாய்ந்த போதெல்லாம், தப்பாமல், வேகக் கோடு குப்புற விழுந்திருந்தது. என் பயம் இத்தனை ஒழுங்கானது என்று எனக்கே தெரியாது.

“ஒரு சாண் விட்டா போதும்டா. சாய்வு நம்பர் அந்தக் கருவியிலயே தெரியும், அதப் பாரு. தண்ணியப் பாக்காத.”

போட்டி அன்று மேடவாக்கம் தாண்டியதும் வண்டியை நிறுத்தச் சொல்லி வாந்தி எடுத்தேன்.

“வேணாம்னா சொல்லு, திரும்பிடலாம்,” என்றாள். வேண்டாம் என்று சொல்லவும் பயமாக இருந்தது.

இரண்டாவது சுற்றில் தண்ணீரைக் கறுப்பாக்கிக்கொண்டு காற்று வந்தது. படகு சாய, இருவரும் எதிர்ப்பக்கம் உடம்பை வெளியே தொங்கவிட்டோம். நம்பர் ஏறியது. பாயின் ஓரம் அலையில் உரசியது. கயிற்றில் என் பிடி தளர்ந்தது.

“விடாத! மொத்தமா விடாத!” என்று கத்தினாள்.

ஒரு சாண் விட்டேன். நம்பர் நின்றது, பிறகு இறங்கியது. உடனே அடுத்த காற்று. அதன் பின்னாலேயே இன்னொன்று. ஒவ்வொன்றிலும் இத்தோடு முடிந்தோம் என்றுதான் நினைத்தேன்.

கவிழவில்லை. நிறையப் படகுகளுக்குப் பின்னால் வந்தோம். ஆனால் எப்போதும்போல் கடைசியில் இல்லை.

சாயங்காலம் பதிவைத் திறந்தாள். நான் கயிற்றை மொத்தமாக விட்ட இடம் ஒன்றுகூட இல்லை. ஆனாலும் அங்கங்கே வேகம் விழுந்திருந்தது. அந்த இடங்களில் படகு காற்றை நோக்கிக் கொஞ்சம் திரும்பியிருந்தது. அப்படித் திருப்பினால் சாய்வு குறையும், வேகமும் போய்விடும். திசைக் கோட்டில் விரலை வைத்தாள்.

“இது நீ இல்ல. நான்தான் திருப்பியிருக்கேன்.”

“ஏன்?”

“உன் மூஞ்சியப் பாத்தேன். பயந்துட்டேன்.”

சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை. சுக்கான் பிடிப்பவளுக்கும் பயம் உண்டு என்று தெரிந்த பிறகு என் பயம் இன்னும் கூடிவிட்டது. அடுத்த வாரமும் போனோம். காற்று பலமாக இருந்தது.