நபீலாவின் மேசையில் ஒரு படகு

கல்முனைக்குடியில் கடற்கரைக்கு இறங்கும் வீதியொன்றில் நபீலா ஒரு கொமினிகேஷன் கடை நடத்துகிறாள். போட்டோக்கொப்பி, லெமினேட், கடவுச்சீட்டுக்கு ஒன்லைனில் பதிதல், பிள்ளைகளின் பாடசாலை ஒப்படைக்குப் படம் எடுத்துக் கொடுத்தல், எல்லாமே வீட்டின் முன்னறையில்தான். மூடிக் கிடக்கும் எந்த இயந்திரத்தையும் திறந்து பார்க்காமல் இருக்க அவளால் முடியாது. பிரிண்டரைத் திறப்பாள், மின்விசிறியைத் திறப்பாள், பக்கத்து வீட்டு ரைஸ் குக்கரையும் ஒருமுறை திறந்தாள். “நபீலாட்டக் குடுத்தா ஒண்டு சரியாகும், இல்லாட்டி முழுசாப் போகும்” என்று தெருவில் சொல்வார்கள். அவள் அதைக் கேட்டுச் சிரித்துக்கொள்வாள்.

அவளுடைய கணவன் இன்ஸாப் ‘ஸபீனா’ என்ற ஆழ்கடல் மீன்பிடிப் படகை ஓட்டும் ஸ்கிப்பர். படகு அச்சிமுகம்மது ஹாஜியாருடையது. ஐஸும் டீசலும் ஏற்றிக்கொண்டு போனால் கரைக்கு வர ஒரு கிழமையும் ஆகும், இரண்டு கிழமையும் ஆகும். அதுவரை வீட்டில் இருப்பவர்களுக்குத் தெரிவதெல்லாம் போன நாள் மட்டும்தான்.

இரண்டு வருடங்களுக்கு முன் ஹாஜியார் படகில் ஒரு கருவி பொருத்தினார். படகு எங்கே நிற்கிறது என்பதைச் செய்மதி வழியாக அது அறிவித்துக்கொண்டே இருக்கும். கருவி விற்ற கொழும்புக் கம்பனி கைத்தொலைபேசிக்கு ஒரு செயலியும் கொடுத்திருந்தது. ஹாஜியார் அதைத் திறந்து இரண்டு விரலால் கடலைப் பெரிதாக்கப் பார்த்தார். ஒவ்வொரு முறையும் இந்தியாவுக்குப் போய் நின்றார். கடைசியில் நபீலாவிடம் வந்தார்.

“புள்ள, இது எனக்குச் சரிவராது. நீ பாத்து ஏதும் எண்டா எனக்குச் சொல்லு.”

அந்தச் செயலி ஒரு நேரத்தில் ஒரே ஒரு போனில்தான் வேலை செய்யும். நபீலா தன் போனில் போட்டுக்கொண்டாள். ஆனால் அந்தப் போன்தான் கடைக்கும் போன். கொப்பி எடுக்க வேண்டியதையெல்லாம் ஆட்கள் வட்ஸ்அப்பில் அனுப்புவார்கள். அவள் கடலைத் திறந்து புருஷனைத் தேடும்போதெல்லாம் யாராவது ஒருவரின் அடையாள அட்டை வந்து குறுக்கே விழும்.

அந்தக் காலத்தில், போனில் மட்டும் ஓடும் செயலிகளைக் கணினியிலும் ஓட வைக்கும் ஒரு வசதி புதிதாக வந்திருந்தது. நபீலா அதைப் பற்றி எங்கேயோ வாசித்தாள். பகல் சாப்பாட்டுக்குப் பிறகு கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தாள். பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பாங்கு சொல்லும்போது மேசையிலிருந்த பெரிய திரை முழுவதும் நீலம் பரவியது. அதன் நடுவே சிவப்பாக ஒரு சின்ன அம்பு. அது ஸபீனா. அவள் கன்னத்தில் கைவைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அதையே பார்த்திருந்தாள்.

முதலில் அதைக் கண்டவள் மைமூனா. அவளுடைய கணவர்தான் ஸபீனாவில் சமையல். பிறப்புச் சான்றிதழ் ஒன்றைக் கொப்பி எடுக்க வந்தவள் திரையைப் பார்த்து நின்றுவிட்டாள்.

“இது என்னகா, டீவியா?”

“இல்ல ராத்தா. இதுதான் நம்மட போட்டு, ஸபீனா.”

மைமூனாவுக்குக் கண்பார்வை கொஞ்சம் மங்கல். திரைக்குக் கிட்டப் போய் நின்று பார்த்தாள். “அப்ப அவரு இதுக்குள்ளயா இரிக்காரு?” என்று கேட்டாள். பிறகு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். கொப்பி எடுக்க வந்ததை மறந்து, சான்றிதழைக் கையில் பிடித்தபடியே வீட்டுக்குப் போனாள்.

அடுத்த நாள் பாண்டிருப்பிலிருந்து பூமணி சைக்கிளில் வந்தாள். அவளுடைய கணவர் கனகரெத்தினம் படகின் எஞ்சினைப் பார்ப்பவர். அதன் பிறகு பெண்கள் தினமும் வரத் தொடங்கினார்கள். கொஞ்ச நாளில் அம்பின் போக்கை வாசிக்கவும் பழகிவிட்டார்கள். ஊர்ந்துகொண்டிருந்தால் வலை போடுகிறார்கள். அசையாமல் நின்றால் தூங்குகிறார்கள், அல்லது சாப்பிடுகிறார்கள். மேற்கே கரையை நோக்கி நேர்கோடாக வந்தால் வீட்டில் அரிசி கூடுதலாகப் போட வேண்டும். அம்பு நீண்ட நேரம் நின்றால் மைமூனா அதனோடு கோபித்துக்கொள்வாள். “இவ்வளவு நேரமும் என்னத்தத் தின்றீங்க?” என்று திரையைக் கேட்பாள்.

ஒருநாள் ஹாஜியார் உள்ளே வந்து, திரைக்கு முன்னால் பெண்கள் வட்டமாக இருப்பதைப் பார்த்துத் திகைத்தார்.

“புள்ள, நாம மீன் புடிக்கிற இடம் ஊருக்கே தெரிஞ்சா என்ன செய்யிற?”

மைமூனாதான் பதில் சொன்னாள். “ஹாஜியார், மீனு இரிக்கிற இடம் எங்களுக்கு என்னத்துக்கு? எங்கட ஆக்கள் இரிக்கிற இடம் தெரிஞ்சாக் காணும்.”

ஹாஜியார் தாடியைத் தடவினார். படம் மட்டும் யாரும் எடுக்கக்கூடாது என்று சொல்லிவிட்டு, ஒரு தேநீரும் குடித்துவிட்டுப் போனார்.

இப்படி ஒரு வருடத்துக்கு மேல் போனது. ஒருநாள் கணினித் திரையின் மூலையில் ஓர் அறிவிப்பு வந்தது. போன் செயலிகளை ஓட வைக்கும் அந்த வசதியை நிறுத்தப் போகிறார்களாம். மார்ச் மாதத்துக்குப் பிறகு அதற்கு எந்த ஆதரவும் கிடையாதாம். நபீலா இரண்டு தரம் வாசித்தாள். பெண்களிடம் சொல்லவில்லை. மார்ச் வந்தது, போனது. அம்பு முன்போலவே நகர்ந்துகொண்டிருந்தது. சும்மா வெருட்டியிருக்கிறார்கள் என்று நினைத்து அதை மறந்தும்விட்டாள்.

ஜூன் மாதத்தில் ஒரு காலை, படகு கடலில் இருக்கும்போது, திரையில் கடல் இல்லை. வெள்ளையாக ஒரு பக்கம். புதிய பதிப்பை ஏற்றச் சொல்லி ஒரு பட்டன். அதை அழுத்தினால் ஒரு வட்டம் சுழன்றது. சுழன்றுகொண்டே இருந்தது. கணினியை அணைத்துத் திரும்ப இயக்கினாள், பழையதை அழித்துவிட்டுத் திரும்பப் போடப் பார்த்தாள். ஒன்றும் நடக்கவில்லை. பிறகுதான் விளங்கியது. செயலி செய்தவர்கள் புதிய பதிப்புக்குப் போய்விட்டார்கள். அதைக் கணினிக்கு எடுத்து வரும் கதவை, அந்த வசதியை நடத்தியவர்கள் மார்ச்சிலேயே மூடிவிட்டார்கள்.

பூமணி சைக்கிளைச் சாத்திவிட்டு உள்ளே வந்து திரையைப் பார்த்தாள். முகம் வாடிவிட்டது.

“தங்கச்சி, படகு எங்க?”

“படகு கடல்லதான் அக்கா. கம்பியூட்டருக்குத்தான் சுகமில்ல.”

வேறு வழியில்லாமல் நபீலா செயலியைத் திரும்பவும் தன் போனில் போட்டாள். போனைக் கேபிளில் மாட்டிப் பெரிய திரையில் காட்டிப் பார்த்தாள். படம் வந்தது. ஆனால் போன் மேசையோடு கட்டுப்பட்டுக் கிடந்தது, வாடிக்கையாளர்களின் செய்திகளெல்லாம் பெண்களுக்கு முன்னால் பெரிதாக விரிந்தன. அதைக் கழற்றிவிட்டாள். அதற்குப் பிறகு போன் கைமாறிக் கைமாறிப் போனது. ஒருத்தி பார்க்கும்போது மற்றவர்கள் அவளுடைய தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தார்கள்.

இரண்டாம் நாள் மைமூனாவின் முறை. அவள் போனைக் கண்ணுக்குக் கிட்டக் கொண்டுபோய், விரலால் அகட்டி, பெருவிரலால் தள்ளி, நல்லாய்ப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். கொஞ்ச நேரம் கழித்து நபீலா போனைப் பார்த்தபோது மேலே பச்சை நிறத்தில் ‘அனுப்பப்பட்டது’ என்று இருந்தது. புதிய பதிப்பில், கரையிலிருந்து படகுக்கு அனுப்பவென்று நாலு செய்திகளை ஆயத்தமாக வைத்திருந்தார்கள். போயிருந்தது மூன்றாவது: ‘உடனே கரை திரும்பவும்.’

“ராத்தா, நீங்க என்னத்த அமத்தின?”

“நான் ஒண்டும் அமத்தல்ல. பெருசாக்கத்தான் பாத்த. பச்சையா ஒண்டு வந்திச்சி. வடிவாத்தான் இருந்திச்சி.”

எல்லோரும் போனைச் சுற்றிக் குனிந்தார்கள். அம்பு கொஞ்ச நேரம் கிழக்கைப் பார்த்து நின்றது. பிறகு மெதுவாக மூக்கைத் திருப்பியது. மேற்கே நேர்கோடாக வரத் தொடங்கியது.

ஹாஜியாரின் வீட்டிலிருந்த ரேடியோ அவ்வளவு தூரத்துக்கு எட்டாது, கருவியில் படகிலிருந்து பதில் அனுப்பவும் வழியில்லை. தவறுதலாக அனுப்பிவிட்டோம் என்று சொல்வதற்கு அந்த நாலு செய்திகளில் ஒன்றுகூட இல்லை. நபீலா யோசித்து ‘எல்லாம் நலம்’ என்பதை அனுப்பினாள். அம்பு நிற்கவில்லை. ‘தொடர்பு கொள்ளவும்’ என்பதையும் அனுப்பிப் பார்த்தாள். அம்பு முன்பைவிட வேகமாக வந்தது.

மறுநாள் பின்னேரம் ஸபீனா கரைக்கு எதிரே நங்கூரம் போட்டது. கடற்கரையில் நபீலாவும் மைமூனாவும் பூமணியும் வரிசையாக நின்றார்கள். கொஞ்சம் தள்ளி, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு ஹாஜியார் நின்றார். சின்னத் தோணி மணலில் முட்டும் முன்பே இன்ஸாப் முழங்கால் தண்ணீரில் குதித்து நடந்து வந்தான். முகம் வெளிறியிருந்தது.

“ஆரு?” என்று கேட்டான்.

“ஆருமில்ல” என்றாள் நபீலா. “மைமூனா ராத்தாட பெருவிரல்.”

அவனுக்கு விளங்கச் சற்று நேரம் எடுத்தது. விளங்கியதும் அவன் மணலில் அப்படியே உட்கார்ந்தான். “முதல்ல உடனே வா எண்டு வந்திச்சி. மறுகா எல்லாம் நலம் எண்டு வந்திச்சி. அதுக்குப் பொறகு தொடர்பு கொள்ளு எண்டு வந்திச்சி. மூணையும் சேத்து வாசிச்சா, ஆரோ மௌத்தாப் போயிட்டாங்க, நமக்குச் சொல்லாம மறைக்காங்க எண்டுதான் நெனச்ச. மௌத்தானவங்களுக்கு ஓதுற யாஸீன வழி முழுக்க ஓதிக்கிட்டு வந்த நான்.”

முதலில் சிரித்தவர் கனகரெத்தினம். தோணியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். “நான் முருகனுக்கு நேர்த்தி வெச்சிட்டன் தம்பி. திருக்கோவிலுக்குப் போய்த்தான் ஆகணும்” என்றார். ஹாஜியார் மட்டும் சிரிக்கவில்லை. ஐஸையும் டீசலையும் பற்றி நாலு வார்த்தை சொன்னார். இறக்கிய சூரை மீன்களைப் பார்த்தபின் குரல் கொஞ்சம் தணிந்தது. கோபம் தணியவில்லை.

அதற்குப் பிறகு மைமூனா கடைக்கு வரவில்லை. நபீலா ஆள் அனுப்பினாள். வேலை இருக்கிறது என்று பதில் வந்தது. மைமூனா இல்லாமல் மற்றவர்களும் வந்த கையோடு போனார்கள். அம்பைத் திட்ட ஆளில்லாத அந்த முன்னறை நபீலாவுக்குப் பிடிக்கவில்லை.

போன் செயலிகளைக் கணினியில் ஓட வைக்கும் வேறு மென்பொருள்களைத் தேடினாள். ஒன்றைப் போட்டதும் கணினி அடுப்பு மாதிரிச் சுட்டது. இன்னொன்றில் கடலுக்கு முன்னால் விளம்பரமாக அரைகுறை உடுப்போடு பெண்கள் வந்து சூதாட அழைத்தார்கள். பூமணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். மூன்றாவது நன்றாக ஓடியது. ஆனால் படகுச் செயலி அதைப் பார்த்து, இது உண்மையான போன் இல்லை என்று சொல்லி மூடிக்கொண்டது.

கடைசியில் அவள் கொழும்புக் கம்பனிக்கே போன் எடுத்தாள். ஆகிலா என்ற பெண் பேசினாள்.

“அது போனுக்கு மட்டும்தான் அக்கா. கம்பியூட்டருக்கு நாங்க செய்யவே இல்லையே. நீங்க இவ்வளவு நாளும் எப்படிப் பார்த்தீங்க?”

நபீலா முதலிலிருந்து எல்லாவற்றையும் சொன்னாள். பெருவிரல் கட்டம் வந்ததும் ஆகிலா சிரிப்பை அடக்க முடியாமல் போனைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்தது கேட்டது.

“மிஸ், ஒண்டு கேக்கட்டா? உங்கட ஒபிஸ்ல நீங்களும் போன்லயா பாக்கிறீங்க?”

ஆகிலா குரலைத் தாழ்த்தினாள். “இல்ல அக்கா. நாங்க பிரவுசர்ல ஒரு பக்கம் வைச்சிருக்கிறோம்.”

“அப்ப அதத் தாங்களேன்.”

அது வெளியாருக்குக் கொடுப்பதில்லை என்றாள் ஆகிலா. ஆனால் கேட்டுப் பார்க்கிறேன் என்றும் சொன்னாள். சில நாட்களில் அவளே அழைத்தாள். மனேஜர் சம்மதித்துவிட்டார். பார்க்க மட்டும் முடிகிற மாதிரி ஒரு பக்கம் திறந்து தருவார்கள். படகுச் சொந்தக்காரரின் அனுமதி மட்டும் வேண்டும். நபீலா ஹாஜியாரிடம் போனாள். அவர் போனை வாங்கி, வாய்க்கருகில் வைத்து, கொழும்புக்கு ஒரு குரல் செய்தி அனுப்பினார்.

“அந்தப் பொம்புளைகளுக்குக் காட்டுங்க. பட்டன் மட்டும் ஒண்டும் வெச்சிராதீங்க.”

பக்கம் திறந்த அன்று நபீலா நேரே மைமூனாவின் வீட்டுக்குப் போனாள். மைமூனா மீன் வெட்டிக்கொண்டிருந்தாள்.

“எனக்கு வேணாம் புள்ள. என்ட கை பொல்லாத கை.”

“கை கழுவிட்டு வாங்க ராத்தா. இதுல அமத்த ஒண்டுமில்ல. ஹாஜியார் தன்ட வாயாலயே சொல்லிட்டாரு.”

“ஹாஜியாரா?”

“ஓம்.”

மைமூனா கத்தியை வைத்துவிட்டு எழுந்தாள்.

அன்று படகு கரையில் நின்றது, இன்ஸாப்பும் வீட்டில் இருந்தான். தேநீர்க் கோப்பையோடு முன்னறைக்கு வந்தவன் திரையைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினான். செயலியில் இல்லாத ஒன்று இந்தப் பக்கத்தில் இருந்தது. அந்த ஜூன் மாதப் பயணம் முழுவதும் ஒரு கோடாக வரையப்பட்டிருந்தது. போனது, வளைந்தது, சுற்றியது, ஒரு கூர்மூலையில் சட்டென்று திரும்பி வந்தது. அந்த மூலையைப் பார்த்ததும் மைமூனா தலையைக் குனிந்தாள். மற்றவர்கள் வேறு பக்கம் பார்த்துச் சிரித்தார்கள்.

“இவடத்தப் பாருங்க” என்று இன்ஸாப் பேச்சை மாற்றினான். “இதுலதான் ஓங்கில், அதான் டொல்பின், கூட்டமா வந்திச்சி. ஒரு மணித்தியாலம் போட்டோட போட்டியா நீந்திச்சி. இந்த இடத்துல மழை. பிளாஸ்டிக் பீப்பா எல்லாத்துலயும் தண்ணி புடிச்ச நாங்க. ராத்தா, உங்கட மனுசன் மழைக்குள்ள நிண்டு ரொட்டி சுட்டாரு, தெரியுமா?”

“அவரு ஊட்டுக்கு வந்து ஒண்டும் சொல்றல்ல” என்றாள் மைமூனா. மெல்லத் தலையை நிமிர்த்தினாள்.

பூமணி ஒரு சின்ன வட்டத்தைக் காட்டினாள். கோடு அங்கே மட்டும் ஒரு சுற்றுச் சுற்றியிருந்தது. “இது என்ன தம்பி?”

இன்ஸாப் வாசலைப் பார்த்தான். ஹாஜியார் அந்த நேரம்தான் உள்ளே வந்துகொண்டிருந்தார்.

“அது... கனகரெத்தினம் அண்ணன்ட தொப்பி காத்துல போச்சு.”

“ஒரு தொப்பிக்கா போட்டைத் திருப்பின?” என்றார் ஹாஜியார்.

“புதுத் தொப்பி ஹாஜியார்.”

“கிடைச்சுதா?” என்று பூமணி கேட்டாள். அது அவள் வாங்கிக் கொடுத்தது.

“கிடைச்சிச்சி அக்கா. ஐஸ் பெட்டிக்கு மேல காயப்போட்ட.”

ஹாஜியார் ஒரு நாற்காலியை இழுத்துப் பெண்களிடமிருந்து சற்றுத் தள்ளிப் போட்டு உட்கார்ந்தார்.

“சரி,” என்றார், “அதுக்கு அங்கால இரிக்கிற வளைவு என்ன?”

இன்ஸாப் கோப்பையை மேசையில் வைத்துவிட்டுச் சொல்லத் தொடங்கினான். வெளியே யாரோ போட்டோக்கொப்பிக்குக் கூப்பிட்டார்கள். நபீலா எழும்பவில்லை.