காலண்டரில் இல்லாத பனி

கோட்டு வாங்கலாமா வேண்டாமா என்று பேசிய அன்று, காஜா பெராங்கில் எங்கள் வீட்டில் அப்பா, அம்மா, அம்மாவின் தம்பியான மாமா, தையல்கடை பாய், நான் எல்லோரும் இருந்தோம். அக்கா மட்டும் இல்லை. புக்கிட் ரம்பாயில் புருஷன் வீட்டில் பிள்ளை பெற்றுப் பச்சை உடம்போடு கிடந்தாள்.

மலாயாவுக்கு மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், கிடைத்த மறு வருடம் அது. ஆசிரியர் பயிற்சிக்காக என்னை இங்கிலாந்துக்குத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போனவன் நான் ஒருவன்தான். பாய் கொண்டுவந்திருந்த கம்பளிக் கோட்டு, ஊர் திரும்பிய ஒரு வெள்ளைக்காரத் துரை விற்றுவிட்டுப் போனது.

"நாப்பத்தஞ்சு வெள்ளிண்ணே. வேற ஆளுன்னா அறுபது."

"இதப் போட்டா பையன் கப்பல் ஏறுறதுக்குள்ள அவிஞ்சிருவான்லா," என்றார் மாமா. எழுந்து போய்ச் சுவரிலிருந்த மளிகைக்கடைக் காலண்டரைக் கழற்றி வந்தார். மாதத்துக்கு ஒரு சீமைப் படம். "இங்க பாருங்க மச்சான். அக்டோபர்ல இந்தப் பொண்ணு கையில்லாத சட்டையோட எலை பொறுக்குது. நவம்பர்லயும் வெயிலு. பனி டிசம்பர்லதான்."

அப்பா ஒவ்வொரு தாளாகத் தூக்கிப் பார்த்தார். "ஆலையில தீவாளி போனஸ் வரட்டும். வாங்கி பார்சல்ல போட்டா டிசம்பருக்குள்ள போயிரும். என்னப்பா, சரிதானே?"

எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. அம்மா மட்டும் கோட்டை மடியில் வைத்துத் தடவிக்கொண்டே இருந்தாள். பாய் கேட்ட பிறகுதான் கொடுத்தாள்.

இங்கிலாந்தில் அக்டோபர் இன்னும் முடியவில்லை. ஒரு நாள் காலை விடுதி ஜன்னலைத் திறந்தேன். எதிர் மரத்தில் சிவந்த இலைகள் உதிராமல் இருந்தன. அவற்றின்மேல் வெள்ளையாகப் பனி படிந்திருந்தது. இவ்வளவு சீக்கிரம் வந்து பார்த்ததில்லை என்று விடுதிச் சமையற்காரியே சொன்னாள். என்னோடு வந்த மலாயாப் பையன்கள் கோட்டை மாட்டிக்கொண்டு கூச்சலிட்டபடி ஓடினார்கள். நான் இரண்டு சட்டையும் ஒரு ஸ்வெட்டருமாகப் பயிற்சிக் கல்லூரிக்கு நடந்தேன். இரவல் கேட்க வாய் வரவில்லை. அந்த வாரம் முழுக்கப் பனி விட்டு விட்டுப் பெய்தது. வாரக் கடைசியில் காய்ச்சல், பிறகு நெஞ்சுவலி, பிறகு ஆஸ்பத்திரி.

கோட்டு வந்து சேர்ந்தது. அப்பாவின் கணக்குப்படியே, டிசம்பரில். கட்டில் கம்பியில் தாதி அதை மாட்டிவைத்தாள்.

நுரையீரல் படத்தில் தெரிந்த கறை போகவில்லை. பிள்ளைகள் முன்னால் நின்று பாடம் சொல்ல இந்த நெஞ்சு உதவாது என்று எழுதிக் கப்பலேற்றினார்கள். காஜா பெராங் சாலையில் நடுப்பகல் வெயிலில், அதே கோட்டைக் கையில் சுமந்துகொண்டு வந்தேன்.

அக்கா பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். என்னைப் பார்த்தாள். மாமா பக்கம் திரும்பினாள்.

"காலண்டரப் பாத்தீங்களே மாமா, எனக்கு ஒரு வார்த்த சொல்லி அனுப்பினீங்களா? காதுல கெடக்குறதக் கழட்டிக் கொடுத்திருப்பேனே!"

மாமா எழுந்து வெளியே போனார். அவர் அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் அதிகம் உட்காருவதில்லை.

கோட்டைப் பாயிடமே கொண்டுபோனேன். அவர் தொடக்கூட இல்லை. "இந்த ஊர்ல இத யாரு வாங்குவா தம்பி? உங்கப்பா ஒருத்தருதான் வாங்குனாரு."

அப்பா ஆலைக்குப் போய்வருகிறார். நான் இருமினால் சோற்றுத் தட்டிலிருந்து கையை எடுத்துவிடுகிறார். ஒரு நாள், நான் கேட்காமலே சொன்னார்: கோட்டு நாற்பத்தைந்து, பார்சலுக்குப் பதினொன்று. ஆக ஐம்பத்தாறு வெள்ளி.